முதல் .22 பிஸ்டல்: கைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஏர் பிஸ்டலில் ஓராண்டோ ஈராண்டோ பழகிவிட்டு 25 மீட்டர் ரேஞ்சுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, எந்தக் கம்பெனியின் பிஸ்டலை வாங்கலாம் என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. இந்தப் பிஸ்டலின் கைப்பிடி என் கையில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உட்காருகிறதா? ட்ரிகரை இழுத்து முடிக்கும்வரை, குறிபார்க்க உதவும் சைட் அசையாமல் நிற்கிறதா? இவ்விரண்டுக்கும் ஆம் என்று பதில் கிடைக்கும் பிஸ்டல் இத்தாலியில் செய்ததா, ஜெர்மனியில் செய்ததா என்பது தொடக்க நிலையில் இரண்டாம்பட்சமே. கம்பெனியின் பெயரையும் குழலின் துல்லியத்தையும் பார்த்து வாங்கிவிட்டு, கைக்கு ஒவ்வாத பிடியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பலரைப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது.

இந்தப் பிஸ்டல்கள் சுடுவது ரிம்ஃபயர் வகைத் தோட்டாவை. முதலில் ரிம்ஃபயர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். ஒரு .22 தோட்டாவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பித்தளைக் கூடு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். முனையில் ஈயக் குண்டு. மொத்த நீளம் இரண்டரை சென்டிமீட்டர். கூட்டின் அடிப்பாகத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று சுற்றிலும் பிதுங்கி நிற்கும். தீப்பற்றவைக்கும் இரசாயனக் கலவை அந்த விளிம்பின் உட்குழிவில்தான் இருக்கிறது. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே தனியாக ஒரு பிரைமர், அதாவது பற்றவைக்கும் சிறு மூடி, பொருத்தப்பட்டிருக்கும். சுடும் ஊசி அதன்மேல் அடிக்கும். ரிம்ஃபயரிலோ ஊசி விளிம்பை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் கலவை பற்றி வெடிமருந்தை எரிக்கிறது. விளிம்பு ஒருமுறை நசுங்கிவிட்டால் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த வழியில்லை என்றாலும், அமைப்பு எளிமையானது என்பதால் தோட்டா மலிவாகக் கிடைக்கிறது. இன்று உலகெங்கும் இலக்குச் சுடுதலில் பயன்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் உருவாக்கியது. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் போட்டிப் பிஸ்டல்களும் இதே தோட்டாவைத்தான் சுடுகின்றன. குண்டின் எடை வழக்கமாக 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம்.

பழகுபவருக்கு இந்தத் தோட்டா பொருந்துவதற்கு விலை மட்டும் காரணமன்று. அதன் பின்னுதைப்பு மிகக் குறைவு. 2.6 கிராம் குண்டு வினாடிக்கு 320 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமுள்ள பிஸ்டல் வினாடிக்கு முக்கால் மீட்டர் அளவு வேகத்தில்தான் பின்னால் நகர முற்படும். கை அதை எளிதாகத் தாங்கும். உதைப்பு பெரிதாக இருந்தால் மனம் அதை எதிர்பார்த்து, சுடுவதற்கு முந்தைய கணத்திலேயே மணிக்கட்டைக் கீழே அழுத்திவிடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுபடுவது கடினம். முதல் சில ஆயிரம் தோட்டாக்களை .22-இல் சுடுவதால், அந்தக் கெட்ட பழக்கம் வேர்விடாமலேயே ட்ரிகர் பயிற்சி கைகூடுகிறது.

அடுத்து, எந்தப் போட்டிக்காக வாங்குகிறீர்கள் என்பது தெளிவாக வேண்டும். சர்வதேச விதிகளின்படி நடக்கும் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் 60 தோட்டாக்கள். அவற்றில் 30 நிதானமாகச் சுடும் பகுதி, 30 விரைவாகச் சுடும் பகுதி. நிதானப் பகுதியில் ஐந்து தோட்டாக்களுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். விரைவுப் பகுதியில் கையை 45 பாகை தாழ்த்தி நிற்க வேண்டும். இலக்கு 3 வினாடி தெரியும்போது கையை உயர்த்தி ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டு, 7 வினாடி இடைவெளிக்குப் பின் மீண்டும் அதையே செய்ய வேண்டும். எல்லாம் ஒற்றைக் கையால்தான். இந்தப் போட்டி பெண்களுக்கு 1984 முதல் ஒலிம்பிக்கில் உள்ளது; 2024 பாரிஸில் மனு பாக்கர் நான்காம் இடம் பெற்றது இதில்தான். ஆண்களுக்கு ஒலிம்பிக்கில் உள்ள 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில் 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றார். இவையும், 150, 20, 10 வினாடி எனக் காலம் குறுகிக்கொண்டே வரும் ஸ்டாண்டர்டு பிஸ்டல் போட்டியும் ஏறத்தாழ ஒரே அளவு விதிகளுக்கு உட்பட்டவை. ஆகவே விதிக்குள் அடங்கும் ஒரே .22 பிஸ்டல் இம்மூன்றுக்கும் போதும்.

அந்த விதிகளில் வாங்குபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை நான்கு எண்கள்: பிஸ்டலின் எடை 1,400 கிராமைத் தாண்டக்கூடாது; குழலின் நீளம் 153 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையேயான தூரம் 220 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். ட்ரிகர் 1,000 கிராமுக்குக் குறையாத எடையைத் தாங்க வேண்டும். சிவப்புப் புள்ளி காட்டும் ஒளிச் சைட்டுகளுக்கு இந்தப் போட்டிகளில் இடமில்லை. இந்த எண்களை மறந்துவிட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1957-இல் வெளிவந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 41 மிக நேர்த்தியான பிஸ்டல். புல்ஸ்ஐ எனப்படும் அமெரிக்க இலக்குச் சுடுதல் போட்டிகளுக்காகவே உருவானது. ஆனால் அது 7 அங்குலக் குழலோடும் கிடைக்கும். 7 அங்குலம் என்பது 178 மி.மீ. அந்தக் குழலோடு வாங்கியவர் சர்வதேச விதிப்படி நடக்கும் போட்டியில் அதைப் பயன்படுத்த முடியாது.

இப்போது ஒரு சிறு கணக்கு. நான் மேலே சொன்ன கருத்தின் அடித்தளமே இதுதான் என்பதால் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நிதானப் பகுதி இலக்கில் 10 வளையத்தின் விட்டம் 50 மி.மீ. அதன்பின் ஒவ்வொரு வளையமும் மையத்திலிருந்து 25 மி.மீ. விலகிக்கொண்டே போகும். நீங்கள் குறிபார்க்கும்போது கை முழுவதும் ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால், சைட்டுகள் ஒன்றோடொன்று நேராக இருக்கும்வரை, குண்டும் இலக்கில் ஒரு சென்டிமீட்டர்தான் விலகும். 10 வளையத்துக்குள்ளேயே விழும். ஆனால் கை ஆடாமல் இருந்தும், மணிக்கட்டு சற்றே திரும்பி, முன் சைட் பின் சைட்டின் பிளவுக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கிவிட்டால்? சைட்டுகளுக்கு இடையே 220 மி.மீ. தூரம், இலக்கு 25,000 மி.மீ. தூரத்தில். 25,000-ஐ 220-ஆல் வகுத்தால் 113 வரும். அதாவது குண்டு 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகி 6 வளையத்தில் போய் விழும். ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு புள்ளி இழப்பு.

கை ஆடுவது பெரிய குற்றமில்லை. சைட் கோணம் பிசகுவதே குற்றம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. கோணத்தைப் பிசக வைப்பவை இரண்டே இரண்டு: கையில் சரியாகப் பொருந்தாத பிடியும், இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்து இழுத்துவிடும் ட்ரிகரும். ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட எந்தப் போட்டிப் பிஸ்டலையும் தாங்கியில் பூட்டி, அதற்கு ஒத்துவரும் தோட்டாவைச் சுட்டால், 25 மீட்டரில் 10 வளையத்தை விடச் சிறிய இடத்துக்குள்தான் எல்லாக் குண்டுகளும் விழும். தொடக்க நிலையில் இருப்பவருக்குப் புள்ளி இழக்கவைப்பது குழல் அன்று. ஆகவே குழலின் துல்லியத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க நினைப்பவர் அந்தப் பணத்தைக் கைப்பிடிக்கும் தோட்டாவுக்கும் வைத்துக்கொள்வது நல்லது.

பிடியைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். காலி பிஸ்டலை, காலி என்பதை நீங்களே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடியுங்கள். வலக்கைக்காரர் என்றால், இடக்கையால் குழலைப் பிடித்து, வலக்கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவுக்குள் பிடியை ஆழமாகத் தள்ளிப் பொருத்த வேண்டும். இப்போது கையைத் தாழ்த்தி, கண்களை மூடி, இலக்கை நோக்கி உயர்த்தி, ஓரிரு மூச்சு விட்டபின் கண்களைத் திறந்து சைட்டைப் பாருங்கள். முன் சைட் பின் பிளவின் நடுவே நிற்கிறதா? ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறதா? மேலே தூக்கியோ கீழே சாய்ந்தோ இருக்கிறதா? இதைப் பத்து முறை செய்யுங்கள். பத்திலும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கவலை வேண்டாம்; பல போட்டிப் பிஸ்டல்களில் பிடியின் சாய்வையோ திருப்பத்தையோ சிறிது மாற்றிக்கொள்ள முடியும், மரத்தையும் செதுக்கலாம். பத்து முறையும் பத்து விதமாக நின்றால்தான் சிக்கல். அந்தப் பிடிக்குள் உங்கள் கைக்கு ஒரு நிலையான இருக்கை இல்லை என்பது அதன் பொருள்.

போட்டிப் பிடிகள் பெரும்பாலும் வால்நட் மரத்தில், சிறியது, நடுத்தரம், பெரியது என்னும் அளவுகளில் வருகின்றன. கையின் கீழ்விளிம்பைத் தாங்குவதற்கு மேலும் கீழும் நகர்த்தக்கூடிய ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டு கையை மென்மையாகத் தாங்கினால் போதும். கையை நெரிக்கும் அளவுக்கு ஏற்றி வைத்தால் சுண்டுவிரல் இறுகி, அந்த இறுக்கம் ட்ரிகர் விரலுக்கும் பரவும். பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைச் சூழ்ந்து தாங்கக்கூடாது என்பது விதி. அளவைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளங்கை நிரம்புகிறதா என்பதைவிட விரல் எங்கே போய் நிற்கிறது என்பதையே பார்க்க வேண்டும். ஆட்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதியின் நடு ட்ரிகர்மேல் பட வேண்டும். விரலின் அடிப்பகுதிக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும். விரல் மரத்தில் உரசினால் இழுக்கும்போதெல்லாம் பிஸ்டல் பக்கவாட்டில் தள்ளப்படும். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு, வளர்ந்தபின் சரியாகிவிடும் என்று எண்ணிப் பெரிய பிடி வாங்கிக் கொடுக்கும் பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான்: இன்றைய கைக்கு இன்றைய பிடியை வாங்குங்கள். பிடியை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இடக்கைக்காரர்கள் இடக்கைப் பிடி தனியாகக் கிடைக்கிறதா என்பதை வாங்குமுன் விசாரித்துவிட வேண்டும்.

பிடியைச் செதுக்குவது ஏதோ கைவினைஞர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று அஞ்ச வேண்டியதில்லை. நான் என் பிடியைச் சரிசெய்தபோது உள்ளங்கையில் முகப்பவுடரை லேசாகத் தடவிக்கொண்டு, வழக்கம்போல் பிடித்து ஐந்து நிமிடம் குறிபார்த்தேன். கையை எடுத்துப் பார்த்தால், பெருவிரலின் அடிச்சதை பட்ட இடத்தில் மட்டும் அழுத்தமான வெள்ளை. நடுவிரலுக்குக் கீழே மரம் அப்படியே பழுப்பாக இருந்தது. அழுத்தம் மிகுந்த இடத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்தும், தொடாத இடத்தில் மரப் புட்டியை அப்பிக் காயவிட்டும், மூன்று வாரங்களில் அந்த வெள்ளைத் தடத்தைச் சீராகப் பரவ வைத்தேன். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வியர்வையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதத்தில் வழவழப்பான பிடி நாற்பதாவது தோட்டாவுக்குமேல் கைக்குள் வழுக்கத் தொடங்கும்; மேற்பரப்பில் நெருக்கமாகப் புள்ளி குத்தப்பட்டுச் சொரசொரப்பாக இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

பிடிக்கு அடுத்தது ட்ரிகர். ஏர் பிஸ்டலில் விதி கேட்பது 500 கிராம்தான். அதில் பழகியவருக்கு .22 பிஸ்டலின் 1,000 கிராம் முதல் நாளில் பாறை போலத் தோன்றும். ட்ரிகர் மோசம் என்ற முடிவுக்கும் வந்துவிடுவார். எடையைக் கொண்டு ட்ரிகரை மதிப்பிட வேண்டாம். நல்ல போட்டி ட்ரிகர் இரண்டு கட்டங்களில் இயங்கும். முதல் கட்டத்தில் விரல் இலேசான எதிர்ப்போடு பின்னால் நகர்ந்து ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கிருந்து அழுத்தத்தை மெல்லக் கூட்டும்போது, எந்த நகர்வும் சொரசொரப்பும் உணரப்படாமல், உலர்ந்த குச்சி முறிவதுபோல் விடுபட வேண்டும். விடுபட்டபின் ட்ரிகர் மேலும் பின்னால் ஓடக்கூடாது. ஓடினால் அந்த அதிர்வு குண்டு குழலைவிட்டு நீங்குமுன்னரே சைட்டை அசைத்துவிடும். இம்மூன்றையும் திருகாணிகளால் சரிசெய்ய இயலும் பிஸ்டலா என்று கேளுங்கள். ட்ரிகர் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்த முடிகிறதா என்பதும் முக்கியம். விரல் நீளத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ள அது உதவும்.

ட்ரிகர் எடையை எல்லையிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதைச் சொந்த அனுபவத்தில் கற்றேன். மாநில அளவிலான ஒரு போட்டிக்குமுன் வீட்டில் மிகச் சரியாக 1,000 கிராமில் வைத்துவிட்டுச் சென்றேன். சோதனை மேசையில் பிஸ்டலைக் குழல் மேல்நோக்க நிறுத்தி, ட்ரிகரில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டு மெல்லத் தூக்கினார்கள். எடைக்கட்டி மேசையைவிட்டு எழும்புவதற்குள் டக்கென்ற ஓசையோடு விசை விடுபட்டது. பதற்றத்தோடு திருகாணியைத் திருகி மறுசோதனையில் தேறினேன் என்றாலும், பழகாத எடையில் சுட்ட அன்றைய 60 தோட்டாக்களில் எதுவும் என் வசம் இல்லை. அன்றிலிருந்து 1,040-க்குக் கீழே இறக்குவதில்லை. அந்த 40 கிராம் கூடுதலால் எனக்கு ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

சைட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின் சைட் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தெளிவான கிளிக் ஓசையோடு நகர வேண்டும், நகர்த்தியபின் ஆடக்கூடாது. பிளவின் அகலத்தை மாற்றவோ, முன் சைட்டை வேறு அகலத்துக்கு மாற்றவோ வசதி இருந்தால் நல்லது. முன் சைட்டின் இருபுறமும் சீரான வெளிச்சக்கீற்று தெரிவது கண்ணுக்குக் கண் மாறுபடும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குச் சற்று அகலமான பிளவே ஒத்துவருகிறது என்பது என் கவனிப்பு.

பிஸ்டலின் உள்ளமைப்பில் தொடக்கக்காரர் அறிய வேண்டிய ஒரே வேறுபாடு, தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசின் இருக்கும் இடம். சிலவற்றில் மேகசின் கைப்பிடிக்குள் செருகப்படும். சிலவற்றில் ட்ரிகருக்கு முன்னால் செருகப்படும். முன்னால் இருந்தால் கைப்பிடிக்குள் எதுவும் நுழைய வேண்டியதில்லை. ஆகவே பிடியை எந்த வடிவிலும் செதுக்கலாம், எடையும் முன்புறம் சேர்ந்து குழல் நிலையாக நிற்கும். குழலையும் கைக்கு நெருக்கமாகத் தாழ்த்தி அமைக்க முடியும். குழல் தாழ்ந்திருந்தால் உதைப்பு பிஸ்டலை மேல்நோக்கித் திருப்பாமல் நேராகப் பின்னால் தள்ளும். 10 வினாடியில் ஐந்து தோட்டா சுடும் ஸ்டாண்டர்டு பிஸ்டலில் இதன் அருமை தெரியும். இத்தாலியின் பார்டினி எஸ்பி, ஜெர்மனியின் வால்தர் ஜிஎஸ்பி, ஃபைன்வெர்க்பாவ் ஏடபிள்யூ93, சுவிட்சர்லாந்தின் மொரினி சிஎம்22எம் ஆகியவை இந்த வகை. ஹாமர்லி 208, ஹாமர்லி எக்ஸ்-எஸ்ஸே போன்றவற்றில் மேகசின் கைப்பிடிக்குள் செல்லும். பிடி சற்றுப் பருமனாகும் என்பதைத் தவிர, நிதானப் பகுதியில் இவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை.

இவற்றுள் எதையும் முதல் பிஸ்டலாக வாங்கத் தயங்க வேண்டியதில்லை. 1960-களின் பிற்பகுதியில் வந்த வால்தர் ஜிஎஸ்பி பார்ப்பதற்குப் பெட்டிபோல் இருக்கும். ஆனால் அதன் ட்ரிகர் தொகுதியை முழுதாகக் கழற்றி எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு மாட்டலாம், குழலையும் உரிய பாகங்களையும் மாற்றி, நடுவே பிரைமர் உள்ள பெரிய தோட்டாவைச் சுடும் .32 சென்டர்ஃபயர் பிஸ்டலாகவும் ஆக்கலாம். பார்டினியை உலகக் கோப்பைப் போட்டிகளில் வரிசை வரிசையாகக் காணலாம். ஆகவே உதிரிபாகமும், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் கிடைப்பது எளிது. இதைச் சிறிய சாதகமாக எண்ணிவிடாதீர்கள். பழைய சோவியத் பிஸ்டல்களில் மார்கோலினைக் கண்டால் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள் என்பேன். அதை வடிவமைத்த மிகைல் மார்கோலின் இளமையிலேயே போரில் பார்வை இழந்தவர். விரல்களால் தடவித் தடவியே பாகங்களின் வடிவத்தை முடிவு செய்தவர். இலக்கைப் பார்க்கவே முடியாத ஒருவர் செய்த பிஸ்டலில் ஒரு தலைமுறை வீரர்கள் பயிற்சி பெற்றார்கள்.

அமெரிக்காவில் வாழும் வாசகர்களுக்கு நிலைமை வேறு. அங்கே 1949-இல் ரூகர் நிறுவனம் தன் முதல் தயாரிப்பாகவே ஒரு .22 பிஸ்டலை வெளியிட்டது; அதன் வழிவந்த மார்க் 4 2016 முதல் கிடைக்கிறது. முந்தைய வகைகளைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு; இதில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேற்பாகம் திறந்துவிடும். பிரௌனிங் பக் மார்க்கும் இதே தரத்தது. புல்ஸ்ஐ பழகுவதற்கு இவை போதுமானவை. ஆனால் போலீஸ் பிஸ்டல்களின் சாயலில், குட்டைக் குழலும் கனத்த ட்ரிகருமாக விற்கப்படும் .22 பிஸ்டல்களை இலக்குச் சுடுதலுக்கு வாங்க வேண்டாம். சைட்டுகளுக்கு இடையேயான தூரம் 150 மி.மீ. ஆகக் குறைந்தால், நாம் போட்ட கணக்கில் ஒரு மில்லிமீட்டர்ப் பிசகு இலக்கில் 167 மி.மீ. ஆகிவிடும்.

தோட்டா. எவ்வளவு நல்ல பிஸ்டலும் தனக்குப் பிடிக்காத தோட்டாவை விழுங்க மறுக்கும். இவை பெரும்பாலும் பின்னுதைப்பின் விசையாலேயே, தோட்டா அறையைப் பின்புறம் மூடியிருக்கும் போல்ட் பின்னால் சென்று காலிக்கூட்டை வெளியே எறியும் அமைப்புடையவை. அந்தப் போல்ட்டின் எடையும் சுருள்வில்லின் இறுக்கமும் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி எனப்படும், ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே பறக்கும் தோட்டாவுக்காகக் கணக்கிடப்பட்டவை. அதிவேகத் தோட்டாக்களைப் போட்டால் போல்ட் பின்சுவரில் மோதிக்கொண்டே இருக்கும். பிஸ்டலின் ஆயுள் குறையும், உதைப்பும் கூடும். ஈலி (Eley), எஸ்கே, சிசிஐ போன்ற தோட்டா நிறுவனங்களின் ஸ்டாண்டர்டு வகைகளில் ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்து, எது ஒருமுறைகூடச் சிக்கவில்லையோ அதையே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிக்கலும் இல்லாமல் சுடுவது, இலக்கில் குண்டுகள் சிதறி விழும் பரப்பு ஒரு சென்டிமீட்டர் குறைவதைவிட மேலானது. விரைவுப் பகுதியின் மூன்று வினாடிக்குள் தோட்டா சிக்கினால் அந்த வரிசை முழுவதும் மனம் கலைந்துவிடும். செலவையும் இப்போதே எண்ணிப் பாருங்கள்: வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு 60 தோட்டா என்றால் ஐம்பது வாரங்களில் 9,000. இந்த 9,000-க்குப் பணம் ஒதுக்கியபின் மீதியில் வாங்கக்கூடிய பிஸ்டலே உங்களுக்கான பிஸ்டல்.

விளிம்பில் கலவை சீராகப் பரவாத தோட்டா ஆயிரத்தில் ஒன்றிரண்டு அமைந்துவிடுவது ரிம்ஃபயரின் இயல்பு. ஊசி அடித்தும் வெடிக்கவில்லை என்றால் பிஸ்டலை இலக்கை நோக்கியே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்து, அதன்பின்னரே திறக்க வேண்டும். தாமதமாகப் பற்றிக்கொள்ளும் தோட்டாக்கள் அரிது; ஆனால் உண்டு. பதற்றத்தில் பிஸ்டலைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பதைப்போல் ஆபத்தான செயல் ரேஞ்சில் வேறில்லை. கண்ணாடியும் காதுக்காப்பும் .22-க்கும் கட்டாயம்.

பயன்படுத்திய பிஸ்டலை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம், தோட்டா அமரும் அறையின் வாய் விளிம்பு. ரிம்ஃபயர் பிஸ்டலைத் தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகினால் ஊசி நேராக அந்த எஃகு விளிம்பில் அடிக்கும். நாளடைவில் சிறு பள்ளம் விழுந்து, காலிக்கூடு வெளியேறாமல் சிக்கும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் நகக்கீறல்போல் தெரியும். வெறும் இழுப்புப் பயிற்சிக்கென்றே பல போட்டிப் பிஸ்டல்களில் ஊசி அடிக்காத தனி நிலை ஒன்று உள்ளது. முதல் பிஸ்டலில் அது இருந்தால் மிக நல்லது, ஏனெனில் வீட்டில் தினமும் இருபது நிமிடம் செய்யும் அந்தப் பயிற்சிதான் ட்ரிகர் விரலை வளர்க்கிறது. மேகசினின் உதடுகள் வளைந்திருக்கின்றனவா, கூடவே இரண்டாவது மேகசின் தருகிறார்களா, உதைப்பைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றனவா என்பவற்றையும் கேளுங்கள். ஹாமர்லி 208 போன்ற, உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன அருமையான பிஸ்டல்களில் இந்தக் கடைசிக் கேள்வியே முடிவைத் தீர்மானிக்கும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். .22 பிஸ்டல் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவைப்படும் துப்பாக்கி; .177 ஏர் பிஸ்டலுக்கு உள்ள விலக்கு இதற்கு இல்லை. உரிமத்தை மாவட்ட ஆட்சியரோ, மாநகரங்களில் காவல் ஆணையரோ வழங்குகிறார். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் வசதி, தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்துள்ள தகுதிப் புள்ளிகளை எட்டிய வீரர்களுக்கும் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்குமே உண்டு. எனவே சென்னை, கோவை, மதுரை முதலிய ஊர்களின் ரைஃபிள் கிளப்புகளில் சேர்ந்து, பயிற்சியாளரின் பார்வையில், கிளப்பின் பிஸ்டலால் சுடுவதே நடைமுறையில் முதற்படி. இதைத் தடையாக எண்ணாமல் வாய்ப்பாக எண்ணும்படி வேண்டுகிறேன். கிளப்பின் பெட்டகத்தில் நான்கைந்து வகைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இருநூறு முந்நூறு தோட்டா சுட்டுப் பார்க்கும் வசதி, நேராகக் கடைக்குப் போய் வாங்கும் வெளிநாட்டவர்களுக்குக்கூட எளிதில் வாய்ப்பதில்லை.

அப்படிச் சுட்டுப் பார்க்கும் நாட்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டலின் பெயர், பிடியின் அளவு, ட்ரிகரின் எடை, தோட்டாவின் வகை, எத்தனை முறை சிக்கியது, கண்மூடி உயர்த்திய பத்து முறையில் சைட் எத்தனை முறை நடுவில் நின்றது ஆகியவற்றை அன்றன்றே எழுதிவிடுங்கள். பெற்ற புள்ளிகளை அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம். அவை அன்றைய தூக்கத்தையும் மனநிலையையும் பொறுத்து ஏறி இறங்கும். இரண்டு மாதம் கழித்துப் பக்கங்களைப் புரட்டினால், கடைசி எண் ஒன்பதையும் பத்தையும் ஒட்டியே நிற்கும் ஒரு பிஸ்டல் தானாகக் கண்ணில் படும். உரிமத்துக்கான விண்ணப்பத்தை அந்தப் பிஸ்டலை மனத்தில் வைத்து நிரப்பத் தொடங்கலாம்.